அலையில்லாக் கடல்

கம்ப்யூட்டருக்குள் கடலைக் கொட்டி அதில் கப்பலை ஓட்டிப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. புரொப்பல்லரின் தள்ளுவிசை ஒரு கோடு, தண்ணீரின் தடை ஒரு கோடு. இரண்டும் ஒட்டிக்கொண்டால் கப்பல் சொந்தக் காலில் ஓடுகிறது என்று மனைவிக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

ஒரு கப்பலை மட்டும் அலையே இல்லாத கடலில் ஓட்டிக் காட்டினான். "புயலை யாருப்பா கேட்டா? சின்ன எஞ்சின் போதும்னு எழுது," என்றார் மேனேஜர். இவனும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினான். போதாக்குறைக்கு, மனைவியின் தம்பிக்கு அதே கப்பலில் வேலையும் வாங்கிக் கொடுத்தான்.

கப்பல் புயலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

விசாரணைக்காக இப்போது அதே கப்பலைப் புயலில் ஓட்டினான். மனைவி பின்னால் வந்து நின்றாள். இரண்டு கோடுகளும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன.

"ரெண்டும் சேர்ந்துடுச்சே! அப்போ கப்பல் ஓடியிருக்கணும்ல?"

அவன் திரையில் வேகம் காட்டும் மூலையைக் கையால் பொத்தியிருந்தான். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

வேகம் சைபருக்கும் கீழே இருந்தது. எஞ்சின் முழுமூச்சாய் உழைக்க உழைக்க, கப்பல் பாறையைப் பார்த்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.