அஞ்சடிக்கு வெளியே வந்த அரக்கு

உள்பாவாடைக்கு நாடா வாங்கத்தான் அன்று தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். அதே கடையில் எங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக் ரஞ்சிதம், மருமகளாக வரப்போகிற யாமினிக்குக் கூறைப்புடவை எடுத்துக்கொண்டிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டா நிற்க முடியும்?

ரஞ்சிதம் ஓர் அரக்குப் பட்டைப் பிடித்தவள் விடவில்லை. யாமினி கண் வைத்திருந்ததோ ஒரு மயில்கழுத்து.

"கருப்பு மாதிரி இருக்கு. தாலி ஏறுற நேரத்துல கருப்பா?" என்றாள் ரஞ்சிதம்.

கூரை முழுக்க மஞ்சள் விளக்கு. அதற்கடியில் சிவப்பெல்லாம் மினுக்கியது, நீலமெல்லாம் இருண்டு கிடந்தது. என் வெளுத்த சட்டைகூட அங்கே பட்டு போலத் தெரிந்தது.

"வெளிய வச்சுப் பாத்துடலாம் ஆன்ட்டி. முகூர்த்தம் காலையில, கோவில்ல லா," என்றாள் யாமினி.

"பட்டு கடையைத் தாண்டக் கூடாது தங்கச்சி, முதலாளி திட்டுவாரு," என்றார் விற்பனையாளர் அர்ஃபான்.

"மூணு மகளுக்கும் நான்தான் எடுத்தேன். எனக்குத் தெரியாத கலரா?" என்றாள் ரஞ்சிதம்.

யாமினி அரக்கைச் சுடிதார் மேலேயே சுற்றிக்கொண்டாள், மயில்கழுத்தைத் தோளில் போட்டாள், வாசலைப் பார்த்து நடந்தாள். அலாரம் கத்தியது. அர்ஃபான் அவள் பின்னால் ஓட, ரஞ்சிதம் அர்ஃபான் பின்னால் ஓட, நான் மட்டும் நாடாவைப் பார்த்துக்கொண்டு நிற்பேனா?

கடை வாசலில் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியைத் தாண்டி வெயிலில் நின்றாள். அரக்கைக் காணோம். சுக்குக்காப்பி நிறத்தில் ஏதோ ஒன்று அவள் இடுப்பில் இருந்தது.

"மேகம் வந்தா சரியாயிடும்," என்றார் அர்ஃபான். பாவம், பிழைப்பு.

தோளில் கிடந்ததோ நீலமும் பச்சையுமாய் மாறி மாறி அடித்தது. காய்கறி வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்றே விட்டார்கள்.

ரஞ்சிதம் அசரவில்லை. "சரி, ராத்திரி விருந்து ஹோட்டல்ல. அங்கயும் மஞ்ச லைட்டுதான். திரும்பவும் கருப்பாத்தான் தெரியும்!"

"தெரியட்டும் ஆன்ட்டி. கட்டப்போறது நான்."

"ஊர் என்ன பேசும்?"

யாமினி என்னைப் பார்த்தாள். "அதுக்குத்தான் இவங்க வந்திருக்காங்க. ஆன்ட்டி, புளோக்குல சொல்றப்ப வெயில்ல பாத்த கலரையும் சேத்துச் சொல்லுங்க."

ரஞ்சிதம் என்னை முறைத்தாள், என்னமோ நான்தான் சாயம் போட்டதுபோல. யாமினி அரக்கை அவிழ்த்து அர்ஃபான் கையில் திணித்தாள். மயில்கழுத்தைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. மாமியாருக்கு முன்னால் உள்ளே போய், பில் போடுகிற இடத்தில் நின்றுகொண்டாள்.