கனிம எண்ணெய் சேராத கைகள்

எண்ணெய் எடுக்கிற அர்கான் கொட்டையைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் அடித்து உடைப்பது எங்கள் வேலை. பருப்பை எடை போட்டுக் கூலி. அந்தக் குளிர்காலத்தில் என் பக்கத்துக் கல்லில் உடைக்கிற ஈஜாவின் கட்டைவிரல் இரண்டும் பிளந்துவிட்டன. கொட்டையைப் பிடித்தாலே ரத்தம். எடை குறைந்தது, கூலியும் குறைந்தது.

அப்போது முன்னறையில் ஓர் இடம் காலியானது. சன்னலோரம் உட்கார்ந்து, வருகிற வெள்ளைக்காரர்களுக்கு மெதுவாக உடைத்துக் காட்டினால் போதும். எடை கிடையாது, மாதச் சம்பளம். ஈஜா நிர்வாகி புஷ்ராவிடம் போய் நின்றாள்; மரியாதைக்கு நாங்கள் அவளை லல்லா என்போம்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டா? பிரான்சிலேருந்து கொள்முதல் பண்ற அம்மா வர்றாங்க. பார்த்தா பயந்துடுவாங்க. முதல்ல கை ஆறட்டும்."

"அப்ப கொஞ்சம் அர்கான் எண்ணெய் குடுங்க லல்லா, தடவிக்கிறேன்."

"உன் கையில ஊத்தவா கப்பல் ஏத்துறோம்?"

சந்தை நாளில் நான்தான் அவளை மருந்துக்கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு டப்பா வெள்ளைக் களிம்பு கொடுத்தார். "ராத்திரி தடவி, துணி சுத்திக்கிட்டுப் படு. அந்தத் துணியோட அடுப்பங்கரைக்கு மட்டும் போயிடாதே, குப்புனு பிடிச்சுக்கும்" என்றார்.

வேலையிடத்தில் டப்பாவைப் பார்த்ததும் புஷ்ரா அதைத் திருப்பிப் படித்தாள்.

"பாரஃபின்! பெட்ரோல் எடுக்கிற எண்ணெயிலேருந்து எடுக்கிறதுடி இது. புற்றுநோய் வரும்! நம்ம பாட்டில்ல என்ன போட்டிருக்கு? கனிம எண்ணெய் இல்லைன்னு போட்டிருக்கு. அந்தக் கொட்டையை உடைக்கிற கையில இதைப் பூசுவியா?"

ஈஜா பயந்து போய்த் திரும்பவும் கடைக்காரரிடம் ஓடினாள். அவர் சிரித்தார்.

"லாரி இன்ஜின்ல ஊத்துற எண்ணெயைத் தினமும் மேலுக்குப் பூசினா நீ பயப்படலாம். இது நல்லா சுத்திகரிச்சது. என் பொண்ணுக்குக் கைக்குழந்தையிலேருந்து இதுதான் போடுறோம். ஏன், உங்க லல்லாவே குதிகால் வெடிப்புக்கு இதைத்தானே வாங்கிட்டுப் போறாங்க!"

அதற்குப் பிறகு ஈஜா வீட்டில் வைத்துத் தடவினாள். கை ஆறி, சுட்ட ரொட்டியின் உள்பக்கம் மாதிரி மெத்தென்று ஆனது.

புஷ்ரா அவளை முன்னறையில் உட்கார வைத்தாள். பிரெஞ்சுக்காரி வந்தாள். ஈஜாவின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பின்கட்டுக்கு வந்தவள் என் கையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நகம் கறுத்து, தோல் பாளம் பாளமாக வெடித்த கை. மூச்சுவிடாமல் படம் எடுத்தாள்.

"இதுதான் உழைச்ச கையாம்" என்றாள் புஷ்ரா என்னிடம். "ஈஜா கை ஆபீஸ்காரி கை மாதிரி இருக்காம். தூதா, முன்னறைக்கு நீ வா. அடுத்த வருஷமும் வந்து படம் எடுப்பாங்களாம். அதுவரைக்கும் கையில எதையும் தடவிடாதே, அந்தப் பெட்ரோல் சனியனைக் கண்டிப்பா தடவாதே."

ஈஜா என்னோடு பேசவில்லை. பின்கட்டில் கொட்டை உடைக்கவே திரும்பினாள். ஆனால் ஆறிய கை ஓட ஆரம்பித்தது. அவள் பருப்புதான் எல்லோருடையதையும்விட எடை கூடியது. நான் சன்னலோரம் உட்கார்ந்து, ரத்தம் கசியக் கசிய மெதுவாக உடைத்தேன். ஒரு வெள்ளைக்காரி பார்த்துக் கண் கலங்கினாள். கலங்கியபடியே இரண்டு பாட்டில் எண்ணெய் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் வண்டிக்குக் காத்து உட்கார்ந்திருந்தபோது ஈஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"வேணாம்டி, தடவக் கூடாதுன்னு உத்தரவு" என்றேன்.

"உத்தரவு கைக்குத்தானேடி. செருப்பைக் கழட்டு, லல்லா பூசுற இடத்துலயே பூசிவிடுறேன்."

காலை நீட்டினேன். அவள் தடவிவிட்டாள். கை மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.