இப்திகாரின் குரல்

தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை எடுக்க வேண்டி வந்தவர்களுக்காகக் கொட்டாஞ்சேனை ரொஷேல் ஒரு கணினி மென்பொருள் செய்திருந்தாள். ஒப்பரேஷனுக்கு முன்பே சொந்தக் குரலில் வசனங்களைப் பதிந்து வைக்கலாம். பிறகு பொத்தானை அமத்தினால் கணினி அதே குரலில் பேசும். பதியாத வசனத்தை எழுதினால் ஒரு இயந்திரக் குரல் வாசிக்கும்.

ஒப்பரேஷனுக்கு முன் கொம்பனித்தெரு இப்திகார் பதிந்தவற்றில் பாதி மனைவி அம்னாவுக்கானவை. "அம்னா, பிளேன்டீ ஊத்துங்க." "அம்னா, கோவமா?" ஒரு சிரிப்பைக்கூடப் பதிந்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ரொஷேல் மென்பொருளின் புதிய பதிப்பைத் தயாரித்து எல்லாருக்கும் வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினாள். மத்தியானம் அம்னா கோல் எடுத்தார்.

"மகள், புதுச போட்ட பொறகு இவர்ட சத்தம் வருதில்ல."

ரொஷேலுக்கு விளங்கிவிட்டது. நிறுவும்போது பழைய கோப்புறையை முழுதாக அழிக்கும்படி அவள்தான் எழுதியிருந்தாள். பதிவுகளும் அதற்குள்தான் இருந்தன. அவள் சோதித்துப் பார்த்த கணினியில் யாருடைய குரலும் இருக்கவில்லை.

உடனே லிங்கை நீக்கினாள். ஒவ்வொருவராக அழைத்தாள். வெள்ளவத்தை மயிலம்மாவின் மகள், "டவுன்லோட் பண்ணினனான் அக்கா, இன்னும் போடேல்ல" என்றாள். மற்றவர்களும் தப்பியிருந்தார்கள்.

த்ரீவீலில் கொம்பனித்தெருவுக்கு ஓடினாள். அழிந்ததை மீட்க என்னென்னவோ செய்து பார்த்தாள். கோப்புகளின் பெயர்கள் வந்தன. திறந்தால் வெறும் இரைச்சல்.

"அந்தப் பதிவுகளுக்கு வேற எங்கயாவது கொப்பி இருக்கா அன்ரி?"

"கம்ப்யூட்டர்ல பத்திரமா ஈக்கும் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

அம்னாவின் ஃபோனில் ஒரு கல்யாண வீடியோ இருந்தது. அதில், இரைச்சலுக்கு நடுவே, இப்திகார் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். அவ்வளவுதான் மிச்சம்.

"என்ட பிழை அன்ரி. முழுக்க என்ட பிழை."

"பிழை எண்டு சொன்னா அவர்ட சத்தம் வருமா?"

இப்திகார் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து எழுதினார். யாரோ ஒருவனின் வழவழப்பான குரல் வாசித்தது: "அம்னா, புள்ளைய ஏசாதீங்க."

அம்னா காதுகளைப் பொத்திக்கொண்டார். "வாணாம். அந்த ஆள் என்ட பேரச் சொல்ல வாணாம்."

எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். ரொஷேல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இப்திகார் கணினியை மூடிவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். உதடுகள் மனைவியின் பெயரைச் சொல்லின. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்தது. உள்ளே பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.