தாயாரம்மாள் மீறிய பேச்சு

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோதுதான் பஞ்சாட்சரத்துக்கு வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கும் புரளவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளையும் இல்லை. உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நாலு ஏக்கர் நஞ்சை இருந்தது. இனி அதைத் தம்பி முத்துவேல்தான் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. முத்துவேல் தங்கமான மனுஷன்தான். ஆனால் யார் கைமாற்று கேட்டாலும் மடியிலிருப்பதை அவிழ்த்துக் கொடுத்துவிடுவான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கட்டிலருகே வந்து நின்றது முத்துவேல் இல்லை, அவன் பெண்டாட்டி தாயாரம்மாள். ஒரே கூரையின் கீழ் பதினாலு வருஷம் இருந்தும், புருஷனுக்கு மூத்தவர் என்ற மரியாதையில் அவள் அவர் எதிரே நின்று பேசியதே இல்லை. கதவுக்குப் பின்னால் கேட்கும் வளையல் சத்தமாகத்தான் அவளை அவருக்குத் தெரியும்.

“மாமா, இனிமே கொடுக்கல் வாங்கல நான் பாத்துக்கிறேன். ஆனா உங்கள கேக்காம ஒரு ரூபா எடுக்க மாட்டேன். சரின்னா எடது கைய மூடுங்க. வேணாம்னா விரிச்சுக் காட்டுங்க.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையை மூடினார்.

சொன்னபடியே நடந்தாள். உர மூட்டை, நடவுக் கூலி, மாட்டுக்குப் புண்ணாக்கு என்று எல்லாவற்றையும் வந்து கேட்டாள். கை விரிந்தால் மறுபேச்சு இல்லை. பெட்டிச் சாவியும் அவர் அரைஞாண் கயிற்றிலேயே இருந்தது. வேண்டும்போது முத்துவேல் அவிழ்த்து, வேலை முடிந்ததும் திரும்பக் கட்டிவிட வேண்டும்.

“தெனம் அவுத்துக் கட்டிக்கினு, ஒரே பேஜாரா கீது. நம்மகிட்டயே இருந்தா இன்னா?” என்று முத்துவேல் ஒருநாள் சலித்துக்கொண்டான்.

“கையும் போச்சு, பேச்சும் போச்சு. சாவியும் போயிட்டா அந்த மனுசனுக்கு இன்னா மிச்சம் கீது?” என்றாள் தாயாரம்மாள்.

உள்ளே படுத்திருந்தவர் காதில் அது விழுந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சித்திரையில் முப்பது மூட்டை நெல் கண்டது. மூட்டை அறுபத்திரண்டு ரூபாய் என்று மண்டிக்காரர் சொல்லியனுப்பினார். பஞ்சாட்சரம் கையை விரித்தார். மறுநாள் காலையில் தாயாரம்மாள் வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைப் படுக்கவைத்து, ஒரு மூட்டை நெல்லோடு உத்திரமேரூர் மண்டிக்கே கூட்டிப்போய்விட்டாள்.

“நெல்லுல ஈரம் கீதும்மா. பாவம், படுத்துட்டாரேன்னுதான் இந்த வெலையே” என்றார் மண்டிக்காரர்.

அவள் ஒரு பிடி நெல்லை எடுத்துப் பஞ்சாட்சரத்தின் இடது உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஒரு மணியைக் கடித்தார். நன்றாகக் காய்ந்த நெல், படக்கென்று உடைந்தது. முதலில் ஐந்து விரலைக் காட்டினார், அப்புறம் இரண்டு.

“எழுவதுன்றாரு.”

“அவரு வாயே தெறக்கலியேம்மா!”

“எங்களுக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்கலன்னா சொல்லுங்க, வண்டி காஞ்சிபுரத்துக்குப் போவும்.”

அறுபத்தெட்டில் முடிந்தது. மண்டிக்காரர் அச்சாரப் பணத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. “நெல்லு அவருது. அவரு கைல குடுங்க.”

அந்த வாரமே காஞ்சிபுரத்து டாக்டர் ஒருவரை விசாரித்துக்கொண்டு வந்தாள். வாரம் ரெண்டு தடவை போய் கரெண்ட் வைத்தியமும் பயிற்சியும் செய்தால் கால் திரும்ப வரலாமாம். மாசம் இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகும். பஞ்சாட்சரம் கையை விரித்தார். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் விரித்தார். போகிற கட்டைக்கு எதற்குச் செலவு, அந்தக் காசு தம்பி பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்பது அவர் கணக்கு.

தாயாரம்மாள் தரையில் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

“நீங்க இன்னா நெனைக்கிறீங்கன்னு தெரியுது மாமா. எங்களுக்கு மிச்சம் புடிக்கிறீங்க. உங்களுக்கப்பறம் எல்லாம் எங்களுக்குத்தான்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு வைத்தியம் பாக்காம மிச்சமான காசுல சோறாக்கிப் போட்டா, எம்புள்ளைங்களுக்குத் தொண்டைல எறங்குமா? இத்தினி நாளா உங்க பேச்ச மீறல. இதுல மட்டும் மீறப்போறேன்.”

அவர் கை விரிந்தபடியே இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. “இன்னாங்க, நாளைக்கு மொத பஸ்ஸுக்கு மாமாவக் கெளப்பணும்” என்று புருஷனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே எழுந்து போனாள். பஞ்சாட்சரத்துக்குக் கோணிய வாயில் சிரிப்பு வந்துவிட்டது, படுத்த பிறகு முதல் தடவையாக.

எட்டு மாசம் முத்துவேல் அண்ணனை முதுகில் சுமந்து பஸ் ஏற்றினான், இறக்கினான். அடுத்த சித்திரையில் பஞ்சாட்சரம் தடியூன்றி ஏரிக்கரை வரை நடந்தார். பேச்சும் பாதி திரும்பியிருந்தது. கரையில் பார்த்த ஒருவர், “செலவு நெறைய ஆயிருக்குமே, யாரு குடுத்தாங்க?” என்று கேட்டார்.

பஞ்சாட்சரம் நின்று, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

“எல்லாம்... எங் காசு.”