கல்லாவைப் பார்க்காத கேமரா

ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்பகம் இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தபோது, பஞ்சம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்கே வந்துவிட்டாள். கொண்டுவந்த துணிப்பையைத் தரையில் வைத்தாள். கற்பகத்தின் ஈரக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நீ நல்லா இருப்பத்தா. நீ மட்டும் அந்தக் கடையப் போடலன்னா நாங்க குடும்பத்தோட நாண்டுக்கிட்டுச் செத்திருப்போம்."

பஞ்சம்மாள் நாலு வீடு தள்ளி இருக்கிறவள். அவள் மகள் அழகுமீனா ஆமத்தூர்ப் பக்கம் உள்ள கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்தக் கல்லூரி வாசலுக்கு எதிரேதான் கற்பகம் ஆறு மாதமாகக் காப்பிக் கடை நடத்துகிறாள். நாலு நாளாக மீனா கடைக்கு வரவில்லை. விடியுமுன் போய் விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிற கற்பகத்துக்குத் தெருச் சங்கதி எதுவும் எட்டுவதில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

மீனாவுக்கு என்ன என்று கேட்டாள். பஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ஒரு படத்தை ஓடவிட்டாள்.

கற்பகத்தின் கடைதான். மூலை மேசை. மீனாவும் ஒரு பையனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் ஒரே ஒரு பன். அவன் பாதியைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினான். அவள் சிரித்தாள். அவன் அவள் நோட்டைத் திருப்பி ஏதோ எழுதினான். நாற்பது வினாடிதான். படத்தின் ஓரத்தில் தேதியும் நேரமும் தெளிவாக இருந்தன.

"விஸ்வநத்தத்துப் பயலாம். ஆத்தாளும் அப்பனும் பட்டாசு வேலைக்குப் போறவக. ஒங்கண்ணன் மட்டும் இதப் பாத்து எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பலன்னா..." என்று பஞ்சம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

கல்லூரிக்கு முழுக்குப் போட்டாயிற்று. மீனாவின் போனை அவள் அப்பா சோலைமலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஏழாயிரம்பண்ணையில் இருக்கிற தாய்மாமன் மகனுக்கும் அவளுக்கும் சித்திரையில் கல்யாணம். பரீட்சை இன்னும் ஏழு வாரத்தில். இவ்வளவையும் பஞ்சம்மாள் நல்ல சேதி சொல்வது போலவே சொன்னாள். பையில் இருந்தது இந்த வருசத்துப் புதுக் கொத்தமல்லி, தங்கள் காட்டில் விளைந்தது, கடைக்கு ஆகும் என்று வைத்துவிட்டுப் போனாள்.

பக்கத்தில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த அண்ணி, அந்த நேரம் முழுவதும் மிக்சியை நிறுத்தவே இல்லை. சட்னி கூழாகி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் கற்பகத்துக்கு உறைத்தது.

கற்பகத்துக்கு முப்பத்தாறு வயது. அவளும் அதே கல்லூரியில்தான் பி.காம். சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டில், பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு நின்று பேசினாள் என்று யாரோ அப்பாவிடம் சொல்ல, மறுநாளே படிப்பு நின்றது. அவன் கேட்டது பொருளாதார நோட்டு. அதை யார் விசாரித்தார்கள்? மூன்று மாதத்தில் சாத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மனிதன் பெல்ட்டைக் கழற்றினால் இடுப்பில் திரும்பக் கட்ட நேரமாகும். இரண்டே வருசத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தாள். பிறகு பதின்மூன்று வருசம் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. ஆர்டர் கொடுக்க வெளியூர்க்காரர்கள் வந்தால் மட்டும், கம்ப்யூட்டரை விட்டு எழுந்து காப்பி போடச் சொல்வார் முதலாளி. அத்தனை ஆண்கள் இருந்த ஆபீசில் அந்த வேலை அவளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் காப்பியைப் பாராட்டினார்கள். கடை யோசனை அங்கேதான் முளைத்தது.

கல்லூரி வாசலில் டீக்கடைக்குப் பஞ்சமில்லை. பெஞ்சு முழுக்க ஆண்களாக இருப்பார்கள். பெண் பிள்ளைகள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சாயங்காலம் பஸ் ஏறும்வரை தொண்டை காயக் கிடப்பார்கள். தான் அப்படிக் கிடந்ததைக் கற்பகம் மறக்கவில்லை. அதனால்தான் ஆறு மேசை போட்டு, கதவில் பாதிக்குத் திரை கட்டி, 'இடைவேளை' என்று பெயர் வைத்தாள். முதல் நாள் தயங்கித் தயங்கி வந்த பிள்ளைகளிடம், "பயப்படாம உக்காருங்க. இங்கன ஒங்கள யாரும் பாக்க மாட்டாக" என்று அவளே வாயால் சொன்னாள்.

அண்ணன் சிவபாண்டி சாதிச் சங்கத்துக்கு ஒன்றியச் செயலாளர். தங்கையைக் கடை வைக்க விட்டாரே என்று ஊரே அவரை மெச்சியது. அப்பாவின் இடத்தில் கட்டடம் கட்டிக் கொடுத்தார். திறப்பு விழா அன்று ரிப்பனை வெட்டிவிட்டு, தன் பரிசு என்று ஒரு கேமராவைத் தானே ஏணியில் ஏறிப் பொருத்தினார். தனியாக இருக்கிற பொம்பளைக்குப் பாதுகாப்பு, போலீசும் இதைத்தான் சொல்கிறது என்றார். கற்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கடைகளில் கேமரா கல்லாவைப் பார்க்கும். இந்தக் கேமரா மேசைகளைப் பார்த்தது. ஆறு மாதமாகத் தினமும் அதன் கீழே நின்றவளுக்கு, ஏன் அப்படி என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. கூடப்பிறந்தவர் வைத்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

இட்லியை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்குப் போனாள். சிவபாண்டி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மீனா படத்தை அனுப்பியது நீங்களா என்று கேட்டாள். அவர் மறைக்கவில்லை. மறைக்கிற காரியமாக அது அவருக்குப் படவே இல்லை. அந்தப் பையனை ஆமத்தூர் விலக்கு ரோட்டில் மறித்து நாலு பேர் கையை முறித்ததையும் அவரே சொன்னார். பெயர் பாலகுருவாம். அவன் அப்பன் சங்கிலிமுத்து புகார் கொடுக்க மாட்டான். கொடுத்தால், பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் மறுநாள் அந்தத் தெருவுக்குள் வராது. அந்த வேனும் சங்கத்தார் ஒருவருடையதுதான்.

"என் கடைக்குள்ள வச்சா இதச் செஞ்சீக?"

"எது ஒன் கடை? அப்பா எடம், என் கட்டடம். சும்மா காப்பி விக்கவா ஒனக்குக் கட்டிக் குடுத்தேன்? நம்ம வீட்டுப் பிள்ளைக அம்பது அறுவது பேரு அங்கன படிக்குது. யாரு யாரோட சேருதுன்னு தெரிய வேணாமா?"

"அந்தப் பிள்ள வாழ்க்க போச்சேண்ணே."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கோபமே இல்லை. சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

"போகல, பொளச்சுச்சு. ஒன்னயும் அப்பிடித்தான் காப்பாத்துனேன். பஸ் ஸ்டாண்டுல நீ அந்தப் பயகூட நின்னத அப்பாட்டச் சொன்னது யாருன்னு நெனச்ச?"

சொன்னது தோழி செல்லக்கனி என்றே கற்பகம் இத்தனை வருசமும் நம்பியிருந்தாள். அன்று பக்கத்தில் நின்றது அவள் ஒருத்திதான். செல்லக்கனி அழுது எழுதிய இரண்டு கடிதங்களைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டாள். அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பதினாறு வருசமாக, எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனாள். சாத்தூரில் அடிபட்டுத் திரும்பியபோது யார் தோளில் சாய்ந்து அழுதாளோ, அந்தத் தோள் இதோ சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தது.

சோலைமலை வீட்டில் அந்த வாரம் வெளியாள் யாருக்கும் அனுமதி இல்லை. கற்பகத்துக்கு மட்டும் கதவு விரியத் திறந்தது. குடும்ப மானத்தைக் காத்தவள் அல்லவா? பஞ்சம்மாள் அவளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டுக் கலர் சோடா வாங்கி வர ஓடினாள்.

மீனா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கன்னம் வீங்கியிருந்தது. கற்பகத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராகவே பார்த்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"யாரும் பாக்க மாட்டாகன்னு நீங்கதானக்கா சொன்னீக."

எனக்குத் தெரியாது மீனா, சத்தியமாகத் தெரியாது என்று கற்பகம் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு ஒன்றுமில்லாத பேச்சு என்று அவளுக்கே தெரிந்தது. அப்பாவிடம் பேசுகிறேன், பரீட்சை மட்டுமாவது எழுத விடச் சொல்கிறேன் என்றாள். மீனா தலையை ஆட்டினாள்.

"எங்கப்பாட்டப் பேச வேணாம். கடைக்கு இன்னும் பிள்ளைக வருதுல்ல? அதுககிட்டச் சொல்லுவீகளா?"

சொன்னால் மறுநாள் ஒரு பிள்ளை கடைப்படி ஏறாது. அண்ணன் பூட்டுப் போட அரைமணி நேரம் போதும். பிறகு கற்பகத்துக்கு என்ன இருக்கிறது? அண்ணன் வீட்டு அடுப்படிதான். மீனா அந்த மௌனத்தைப் புரிந்துகொண்டவள் போல, "போயிட்டு வாங்கக்கா" என்றாள். அவள் குரலில் ஏமாற்றம்கூட இல்லை. எதிர்பார்த்திருந்தால்தானே ஏமாறுவதற்கு. பஞ்சம்மாள் கொண்டுவந்த கலரைக் குடிக்காமலே கற்பகம் வெளியேறினாள்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல ஆறு மணிக்குக் கடையைத் திறந்தாள். பால் காய்ந்தது, டிகாக்ஷன் இறங்கியது. நாற்காலியைப் போட்டுக் கேமராவுக்கு எதிரே ஏறி நின்றாள். வயரைப் பிடுங்கக் கை போனது. பிடுங்கவில்லை. கேமராவின் கழுத்தைப் பிடித்து மெல்லத் திருகி, மேசைகளை விட்டு விலக்கி, அன்றன்றைக்கு என்ன இருக்கிறது என்று எழுதிவைக்கிற கரும்பலகையைப் பார்க்கும்படி நிறுத்தினாள். சனிக்கிழமை எழுதிய சுக்குக் காப்பியையும் பன்னையும் அழித்தாள். சாக்பீசால் பெரிய எழுத்தில் எழுதினாள்.

'இந்தக் கேமரா ஆறு மாதமாக உங்களைப் பார்த்தது. படம் என் அண்ணன் சிவபாண்டி போனுக்குப் போனது. அங்கிருந்து வீடுகளுக்குப் போனது. ஒரு மாணவியின் படிப்பு நின்றுவிட்டது. ஒரு மாணவனின் கை முறிந்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னது நான். கற்பகம்.'

எட்டே முக்காலுக்குக் கல்லூரி பஸ்கள் வந்தன. சத்தம் கேட்டதும் வழக்கம்போல ஆறு மேசையிலும் காப்பி ஊற்றிவைத்தாள். சிரித்துக்கொண்டு நுழைந்த பிள்ளைகள் பலகையைப் பார்த்து நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்கள். ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒருத்தி, ஊற்றிவைத்த காப்பியை அப்படியே தள்ளிவிட்டுப் பையை எடுத்தாள். பத்து நிமிசத்தில் ஆறு மேசையும் காலி. கடைசியாக ரோஜா என்ற பிள்ளை மட்டும் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். முதல் நாளிலிருந்து தினமும் வருகிறவள்.

"அக்கா, என் படமும் போயிருக்குமா?"

"தெரியலத்தா."

ரோஜா படியிறங்கிப் போய்விட்டாள்.

கற்பகம் மறுபடி பலகைக்குப் போனாள். எழுதியதன் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. 'என் படிப்பும் இப்படித்தான் நின்றது. செல்லக்கனி மேல் தப்பில்லை' என்று சேர்த்தாள்.

சாக்பீசைக் கீழே வைக்குமுன் போன் அடித்தது. அண்ணன்தான்.

"என்ன எழுதி வச்சிருக்க? என் போன்ல மட்டுமா தெரியுது? சங்கத்து ஆளுக அம்புட்டுப் பேரும் பாக்குறாக கற்பகம். அழி மொதல்ல."

"பாக்கட்டும்ணே. பாக்கத்தான வச்சீக."

போனைக் கல்லா மேல் வைத்துவிட்டு, ஆறு மேசையிலும் ஆறிக்கொண்டிருந்த காப்பித் தம்ளர்களை எடுக்கப் போனாள். பூட்டோடு அவர் வந்து சேர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.