ஏழாம் கட்டத்தில் ஒரு பொய்

அரசின் விண்பொருள் பதிவேட்டில் ஏழாம் கட்டத்தின் கேள்வி ஒன்றே: இயங்குகிறதா? நாற்பத்தொன்றாம் எண் செயற்கைக்கோளுக்கு நேராகப் பதிவாளர் அம்மாள் நான்கு ஆண்டுகளாக 'ஆம்' என்றே எழுதி வந்தார். அது பொய். அதன் எரிபொருள் என்றோ தீர்ந்துவிட்டது. மின்கலமும் உயிரை விட்டுவிட்டது. ஆனாலும் நண்பகலில் அது தலைக்கு மேலே கடக்கும்போது வெயில் பட்டுச் சூரியத் தகடு விழித்துக்கொள்ளும். அடையாள ஒலி கீழே வந்து சேரும். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு.

அந்த ஒலியை அமைத்தவர் அவருடைய கணவர். அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, கோளைக் கட்டிய பொறியாளருக்கு இருந்தது. அவரோ தம் வீட்டுக் கதவைத் தட்டும் விதத்தையே அதற்குக் கொடுத்துவிட்டார். சாவி சட்டைப்பையில் கிடந்தாலும் தட்டுவார். "திறந்துதான் இருக்கு, வாங்க" என்று உள்ளிருந்து அம்மாளின் குரல் வந்தால்தான் காலை உள்ளே வைப்பார். கோள் மேலேறிய மறு ஆண்டே மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. அன்றுமுதல் அம்மாளுக்கு மதிய உணவு அலுவலக மாடியில்தான். காதோடு ஒரு கையடக்க வானொலி. ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தட்டுவது நின்றுவிடுமோ என்று பயம்.

விண்குப்பை அகற்றும் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருத்தி ஒரு நாள் காலையில் வந்து நின்றாள்.

"மேடம், உங்க நாற்பத்தொண்ணு விண்நிலையத்தை உரசாத குறையாப் போயிருக்கு. உள்ள இருந்த ஆறு பேரும் தப்பிக்கிற கலத்துக்குள்ள முடங்கிக் கிடந்தாங்க."

"நீங்க அள்ளிட வேண்டியதுதானே?"

"தொட்டா திருட்டு. உங்க சம்மதம் வேணும்."

அவள் சொன்னது உண்மை. மனிதன் விண்ணுக்குப் போகக் கற்று இத்தனை காலமாகியும், அங்கே போட்ட குப்பையை யார் அள்ளுவது என்று எல்லா நாடுகளும் கட்டுப்படும் ஒரு விதியை எழுத நம் மேதைகளுக்கு நேரம் கிடைக்கவில்லை! செத்த கோளின் திருகாணியைக்கூட, ஏவிய நாடு ஒப்பாமல் பிறர் தொடலாகாது.

"ஏழாம் கட்டத்துல இயங்குதுன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா நகர்த்துங்க. முடியலன்னா, இயங்கலன்னு எழுதிச் சம்மதம் கொடுங்க. ரெண்டும் இல்லாம இடிச்சா தப்பு உங்க தலையிலதான் விடியும்."

அம்மாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கோள்களைக் கண்காணிக்கும் தரைநிலையத்துக்குப் போனார். அங்கே பொறியாளராயிருந்தான் அவர் கொழுந்தன்.

"அண்ணி, அண்ணன் இருந்தா என்ன செஞ்சிருப்பாருன்னு கேக்கட்டுமா?"

"கேக்காத."

"சரி, கேக்கல. ஆனா ஒரு திருகு கழண்டாலே தூக்கம் வராத மனுஷன்..."

"அதான் கேட்டுட்டியே! அப்புறம் என்ன கேக்கல?"

அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "வருஷா வருஷம் ஏழாம் கட்டத்துக்குச் சான்று போட்டது நான்தானே? அந்தத் தட்டு இங்கயும் கேக்கும் அண்ணி. அது தட்டும்போது நான் யாரையும் பேச விடமாட்டேன்."

அம்மாள் இத்தனை நாளும் அந்தத் தட்டு தமக்கு மட்டுமே என்று நினைத்திருந்தார்.

"அந்த ஆறு பேர் வீட்லயும் தட்டுற சத்தத்துக்குக் காத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க?" என்றார். அவன் பேனாவை எடுத்து நீட்டினான்.

'ஆம்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, 'இல்லை' என்று எழுதினார். ஒப்புதல் கடிதத்திலும் கையெழுத்திட்டார்.

மூன்று வாரத்தில் துப்புரவுக் கலம் கோளைப் பற்றியது. மாலையில் ஆளில்லாக் கடலின் மேல் அது காற்றில் எரியவிருந்தது. அன்று நண்பகலில் அம்மாளும் கொழுந்தனும் மாடியில் நின்றார்கள், நடுவில் வானொலி.

இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. ஒரு தட்டு.

அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்தார்.

"திறந்துதான் இருக்கு," என்றார், "வாங்க."