கண்டக்டருக்குக் கிடைத்த சனிக்கிழமை

பேருந்து ஓட்டுநராக இருந்த அப்பாவுக்கு வலது பக்கம் செயலிழந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவரைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சமையல் எல்லாமே பதினாறு வயது மகளின் தலையில். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பா அவளைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். "அவ விசில் அடிச்சாதான் நம்ம வண்டி நகரும்."

வகுப்பில் அவள் அடிக்கடி தூங்கி வழிவதைப் பார்த்த ஆசிரியை, இப்படிப் பொறுப்பைச் சுமக்கும் பிள்ளைகளுக்கு உதவும் மையத்துக்குத் தகவல் சொன்னார். அங்கிருந்து வந்த ஆலோசகர் சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பாவப் பத்தி அப்புறம் பேசலாம். உனக்கு என்ன பிடிக்கும்?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "முன்னாடி வாலிபால் ஆடுவேன், அக்கா."

"அப்ப சனிக்கிழமை மதியம் ஆடப் போ. மூணு மணி நேரம் அப்பாவப் பாத்துக்க ஆள் அனுப்புறேன்."

"வேற யார் ஊட்டினாலும் அவருக்கு இறங்காது."

"யாரு சொன்னது? நல்லாவே இறங்கும்" என்று உள்ளறையிலிருந்து அப்பா குழறினார்.

சனிக்கிழமை வந்த உதவியாளர் வாட்டசாட்டமான ஆள். அவரிடம் இரண்டு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டு மைதானத்துக்குப் போனாள். முதல் அரை மணி நேரம் ஒரு பந்தும் கைக்குச் சிக்கவில்லை. அப்பாவின் செல்லுக்குப் போன் செய்தாள்.

"உன்ன ஆட அனுப்பினேனா, போன் பண்ண அனுப்பினேனா?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எகிறி எகிறி அடித்தாள்.

திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அப்பாவுக்குப் போன் செய்தாள்; மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்போது தெருமுனையில் யாரோ வாயாலேயே ஹாரன் அடித்தார்கள். சக்கர நாற்காலியில் அப்பா, பின்னால் தள்ளிக்கொண்டு உதவியாளர்.

"எங்கப்பா போனீங்க?"

"டிப்போவுக்கு. பழைய கூட்டாளிங்க என்னைத் தூக்கி டிரைவர் சீட்டுல உக்கார வச்சாங்க."

"போனையாவது எடுக்கலாம்ல?"

"டிரைவர் வண்டி ஓட்டுறப்ப போன் பேசக் கூடாது."

கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது.

"வாசல்ல நாலு படி இருக்கே, எப்படி இறக்கினீங்க?" என்று உதவியாளரிடம் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிட்டேன். வந்து ஒரு கை பிடிச்சாரு."

எட்டு மாதத்தில் அவள் யாரையும் கூப்பிட்டதே இல்லை. இப்போது தானே போய் அந்தக் கதவைத் தட்டினாள். அவர் வந்தார். மூன்று பேருமாக அப்பாவைப் படியேற்றினார்கள்; "மெதுவா, ஸ்பீடு பிரேக்கர்" என்று அப்பா வழியெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை ஆலோசகர் போனில் விசாரித்தார்.

"மூணு மணி நேரம் பத்தல, அக்கா."

"உனக்கா, அப்பாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."